கரிசல் சேற்றுக்கும் லடாக் பனிக்கும் ஒரே டயர் போதுமா?

சங்கரன்கோவில் அருகிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டி ஒன்றை வைத்திருக்கிறார், தேவர்குளம், கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்கும், மழைக்காலத்தில் தம் கரிசல் காட்டுக்கும் அதில்தான் போய்வருகிறார், வரும் ஜூனில் லடாக் வரை ஓட்டிச் செல்லவும் எண்ணியிருக்கிறார். பெரிய பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டிகள்) கொண்ட எம்.டி. டயரைப் போட்டுவிட்டால் சேறு, பனி, கல் ஆகிய மூன்றுக்கும் கவலையே இல்லை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னாராம். அது சரிதானா என்பது அவர் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இருக்கும் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒன்றுக்கொன்று முரண்படும் மூன்று வேலைகளை ஒரே டயரிடம் ஒப்படைக்க முடியுமா, முடியாதென்றால் எந்த வேலையில் விட்டுக்கொடுப்பது? ரப்பர் தொழில்நுட்பத்தில் பட்டயம் படித்துவிட்டு, 26 ஆண்டுகளாகத் திருநெல்வேலியில் டயர் ரீட்ரெட் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும்) பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். நம் ஊர்ச் சேற்றையும் மணலையும் பற்றி நான் எழுதுவது கண்ணால் கண்டது, கையால் கழற்றிப் பார்த்தது. பனியில் என் சொந்த அனுபவம் இரண்டே பயணங்கள்தான். அங்கே ரப்பரின் இயல்பைக் கொண்டும் தர அளவுகளைக் கொண்டும் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைகளில் வழங்கும் மூன்று பெயர்களை விளக்கிவிட்டால் மற்றவை எளிதாகும். எச்.டி. என்பது நெடுஞ்சாலைக்கானது, பள்ளம் குறைவு, தரையைத் தொடும் ரப்பர் அதிகம். ஏ.டி. என்பது தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் இடைப்பட்டது. எம்.டி. என்பது சேற்றுக்கென்றே செய்தது; பட்டன்கள் தடித்து, விலகி நிற்கும்; புதிதாக இருக்கும்போது பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 14 முதல் 16 மி.மீ. வரை இருக்கும். ஏ.டி. டயரில் அது 11 முதல் 13 மி.மீ. அளவில் நிற்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் பிடிப்பும் அந்த அளவுக்குக் கூடும் என்று நினைப்பது இயல்பு. எந்த மண்ணில், எந்த வெப்பத்தில் என்று கேட்காமல் அந்தக் கணக்கைப் போட முடியாது.

நம் சீமையில் சேறு என்பது ஒரே பொருள் அன்று. முதலில் கரிசலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நண்பரின் பாதை அதில்தான் இருக்கிறது. ஈரம் குடித்தால் வீங்குவதும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் கரிசல் களியின் குணம். மழைக்கு மறுநாள் உளுந்துக் காட்டுக்குச் செருப்போடு நடந்து போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பத்து அடி வைப்பதற்குள் செருப்பின் அடியில் மண் அப்பி, காலைத் தூக்க முடியாத கனமாகிவிடும், பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்போம். டயருக்கும் அதே கதிதான். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளம் களியால் நிரம்பிய கணத்தில், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய டயரும் மொட்டை டயராகிவிடுகிறது. எம்.டி. டயரின் அகன்ற பள்ளங்கள் இந்தக் களியைச் சுழற்சியில் வெளியே வீசி எறிவதற்காக அமைந்தவை. எனவே கரிசலில் அது ஏ.டி. டயரைவிடச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீசி எறிய வேண்டுமானால் சக்கரம் ஓரளவு வேகமாகச் சுழல வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்றால், களியை எறிவதோடு தனக்கான குழியையும் தோண்டிக்கொள்ளும். லேசான மழையில் மேல்தோல் மட்டும் நனைந்து அடியில் இறுக்கமாக இருக்கும் நிலையில் எம்.டி. டயர் உங்களைக் கரை சேர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மூன்று நாள் ஊறிய கரிசலில் இரண்டு டயரும் ஒன்றுதான், டிராக்டரே அச்சு வரை இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போது உதவுவது இரண்டு நாள் வெயில். அந்த இரண்டு நாளைக் காத்திருக்க வழியுள்ள வேலையா, இல்லையா என்பதைத் தீர்மானித்துக்கொண்டு டயர் வாங்குங்கள்.

தாமிரபரணிப் பாசனத்து நஞ்சைச் சேறு வேறு வகை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழுது, தொளியடித்து (சேறாகக் கலக்கி), மேலே கூழாகவும் ஒரு முழத்துக்குள் கெட்டியான அடித்தளமாகவும் மண் அமைந்திருக்கும். வயலை ஒட்டிய களத்துப் பாதைகளிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான். இங்கே அகலம் குறைந்த டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தளத்தைத் தொட்டுவிடும். அகன்ற டயர் மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். டிராக்டருக்கு இரும்பு கேஜ் வீல் மாட்டித் தொளியடிப்பதும், சேற்றுக்குள் இறங்கி அடித்தளத்துக்கு அருகே பிடிமானம் தேடும் ஏற்பாடுதான்.

மூன்றாவதாகத் தேரி. சாத்தான்குளம், திசையன்விளை, குதிரைமொழிப் பக்கத்துச் செம்மணலில் முழுக் காற்றோடு எம்.டி. டயரை இறக்கினால், அதன் பெரிய பட்டன்கள் மண்வெட்டியைப் போல மணலை வாரி வாரிப் பின்னே தள்ளி வண்டியைப் புதைத்துவிடும். மணலில் வேண்டுவது மிதப்பு. காற்றைக் குறைத்தால் தரையில் படியும் பகுதி நீளும், பாரம் பரவும், ஆழமில்லாத பட்டன் கொண்ட சாதாரண டயர்கூட நிதானமாகக் கடந்துவிடும். ஆனால் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு திசையன்விளைக்குத் தெற்கே புதைந்து கிடந்த வண்டியை இழுக்கப் போன நான், 12 பவுண்டு வரை காற்றை இறக்கிவிட்டு அவசரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினேன். முன்சக்கர டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. உதவப் போனவனே உதவிக்குக் காத்திருக்க நேர்ந்தது. அன்றிலிருந்து வெற்று வண்டிக்கு 18 பவுண்டுக்குக் கீழே நான் இறக்குவதில்லை. பாரம் இருந்தால் அதற்கும் மேலேதான் நிறுத்துகிறேன். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்காமல் 20 கி.மீ. தொலைவுகூட வேகமாக ஓட்டக் கூடாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து உள்ளுக்குள் சூடேறும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றாலைப் பாதைகளில் கொட்டிய ஜல்லியும், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் வழியில் உள்ளதைப் போன்ற பெயர்ந்த மலைச் சாலைகளும் பட்டனைவிடப் பக்கச்சுவரைத்தான் கிழிக்கின்றன. பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் உள்ளிருந்து ஒட்டிச் சரிசெய்யலாம். பக்கச்சுவர் கிழிந்த ரேடியல் டயரை ஒட்டித் தரும்படி என்னிடம் கேட்டால் மறுத்துவிடுவேன், நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள். எனவே கல் பாதைக்கு எல்.டி. (இலகு லாரி வகை) என்று குறித்த, இழை வலுக் கூடிய டயரே தக்கது. 245/75 ஆர் 16 என்ற அளவை எடுத்துக்கொண்டால், அதே அளவில் கார் வகை டயரில் 111 என்ற பாரக் குறி இருக்கும். அது ஒரு டயருக்கு 1,090 கிலோ. எல்.டி. வகையில் 120/116 என்று பொறித்திருந்தால் ஒற்றைச் சக்கரமாக 1,400 கிலோவும், இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் 1,250 கிலோவும் தாங்கும். ஆனால் அந்த 1,400 கிலோ அதன் உச்சக் காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும். கார் டயருக்கென்று கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்தத்தையே எல்.டி. டயருக்கும் வைத்தால் அது அதே பாரத்தைத் தாங்காது; கூடுதலாக அடிக்க வேண்டும். டயரை மாற்றிவிட்டுக் காற்றை மாற்றாமல் விட்டதால் தோள் பகுதி தேய்ந்து பட்டறைக்கு வரும் டயர்கள் பல.

இப்போது எம்.டி. டயருக்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பார்ப்போம். நான் பணத்தைச் சொல்லவில்லை. நண்பரின் ஓர் ஆண்டை எண்ணிப் பார்த்தால், காற்றாலைகள் மும்முரமாகச் சுழலும் தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பக்கம் காற்றுதான் வருகிறது, மழை பெரும்பாலும் வருவதில்லை. மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை. அதிலும் சேற்றில் இறங்கியே ஆக வேண்டிய நாள்கள் முப்பதோ நாற்பதோ இருக்கலாம். மீதி நாள்களெல்லாம் சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச் சாலைதான். அங்கே எம்.டி. டயர் இரைகிறது, கனத்தால் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கிறது, பட்டனின் ஒரு விளிம்பு மட்டும் ஏற்ற இறக்கமாகத் தேய்கிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. நனைந்த தாரில் அது நிற்பதற்கு அதிகத் தொலைவு எடுத்துக்கொள்கிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவு; வெட்டுப்படாமல் இருக்கக் கெட்டியாகக் கலந்த ரப்பர்; ஈரத்தை அறுக்கும் மெல்லிய கீறல்களும் குறைவு. கார்த்திகை மழையில் நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது முன்னால் மாடு குறுக்கிட்டால், காட்டுப் பாதையில் உங்களைக் காப்பாற்றிய அதே டயர் இங்கே கைவிடும். சேற்றில் சிக்கினால் அரை நாள் போகும். சாலையில் நிற்காவிட்டால் போவது வேறு. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆண்டில் பாதிக்கு மேல் தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு எம்.டி. டயரை நான் பரிந்துரைப்பதில்லை.

பனிக்கு வருவோம். கரிசலில் நாம் கற்ற பாடம் இங்கே தலைகீழாகிறது. கரிசலில் பள்ளம் அடைபட்டால் டயர் செத்தது. இறுகிய பனியில் பள்ளத்துக்குள் கொஞ்சம் பனி தங்குவதுதான் நல்லது, ஏனென்றால் பனியை ரப்பர் பிடிப்பதைவிடப் பனி நன்றாகப் பிடிக்கும். அந்தப் பனியைத் தக்கவைப்பதும், பட்டனின் முகத்தில் நூற்றுக்கணக்கான கூரிய விளிம்புகளை உண்டாக்குவதும் சைப் எனப்படும் மெல்லிய கீறல்கள். 1923-இல் ஜான் சைப் என்ற அமெரிக்கர் பெற்ற காப்புரிமையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. எம்.டி. டயரின் பருத்த பட்டன்களில் இந்தக் கீறல்கள் மிகக் குறைவு. ஆகவே, புதிதாக விழுந்த ஆழமான மென்பனியில் அது துடுப்பைப் போல வாரிக்கொண்டு நன்றாகவே போகும்; வண்டிகள் ஓடி இறுகிய பனியிலும், நீர் உறைந்த கண்ணாடித் தரையிலும் வழுக்கும். நண்பருக்கு யோசனை சொன்னவர் மென்பனியில் ஓட்டியவராக இருந்தால் அவர் கண்டதும் உண்மைதான். ஆனால் சாலைகளில் நாம் சந்திப்பது பெரும்பாலும் மற்ற இரண்டையுமே.

இரண்டாவது செய்தி ரப்பரின் கலவை. குளிர ஆகக் கெட்டியாவது ரப்பரின் இயல்பு. கெட்டியான ரப்பர் தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் படியாது. குளிர்கால டயர்களை 7 டிகிரிக்குக் கீழேயும் மென்மையாக இருக்கும்படி கலக்கிறார்கள். அந்த மென்மையே நம் ஊரில் பகையாகும்: 38 டிகிரி வெயிலில், அதைவிட எவ்வளவோ சூடான தாரில், அந்த ரப்பர் வேகமாகத் தேய்ந்துபோகும், திருப்பங்களில் தளதளவென்று ஆடும். எனவே முழுக் குளிர்கால டயரை மாட்டிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து புறப்பட வேண்டாம்.

டயரின் பக்கத்தில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்று பொறித்திருந்தால் அது பனிக்கு ஏற்றது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பட்டன் அமைப்பைக் கொண்டு தயாரிப்பாளர் தாமே பொறித்துக்கொள்ளும் குறி அது. அதற்காகப் பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பல எம்.டி. டயர்களிலும் அது இருக்கும். பொருளுள்ள குறி வேறு: மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம். அதைப் பெற வேண்டுமானால், இறுகிய பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவாவது கூடுதலாக இழுத்துக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். இதிலும் ஒரு வரம்பு உண்டு: அங்கே அளப்பது பனியில் முன்னேறும் இழுவையை, உறைந்த நீரின்மேல் பிரேக் பிடிப்பதை அந்தச் சின்னம் உறுதி செய்வதில்லை. ஏ.டி. டயர்களில் சிலவற்றுக்கு இந்தச் சின்னம் உண்டு. உங்கள் அளவில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஜூனில் மணாலி வழியாக லே போகிறவர்கள் கடக்கும் 4,890 மீட்டர் உயரப் பாராலாச்சா போன்ற கணவாய்களில் சாலையைச் சுத்தம் செய்து பனியை இருபுறமும் சுவராக ஒதுக்கியிருப்பார்கள். சக்கரத்தின் கீழே இருப்பது பெரும்பாலும் உருகிய நீர், சகதி, கல். விடியற்காலையில் அந்த நீர் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத வழுக்குப் படலமாகக் கிடக்கும். வெயில் ஏறினால் அது போய்விடும், ஆனால் சாலையைக் குறுக்கிடும் ஓடைகளில் நீர் பெருகும். ஓடையைக் கடக்கக் காலை நல்லது, உறைநீருக்குக் காலை கெட்டது. அன்றன்றைய வழியைக் கேட்டுத்தான் புறப்பட வேண்டும். உறைநீரில் எந்த ரப்பரையும் நம்பாமல் சங்கிலியை நம்புங்கள். உங்கள் டயர் அளவுக்குப் பொருந்தும் சங்கிலி ஒரு ஜோடியாவது வண்டியில் இருக்கட்டும். எந்த அச்சில் மாட்டுவது என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். வீட்டு முற்றத்தில் இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பழகிக்கொண்டு போங்கள். விரல் மரத்த குளிரில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது. மாட்டியபின் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

உயரத்தில் காற்றழுத்தம் என்னவாகும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். கணக்கு இது. திருநெல்வேலியில் 35 டிகிரியில் 35 பவுண்டு அடிக்கிறீர்கள். வெளியே வளிமண்டலம் 14.7 பவுண்டு அழுத்துவதால் டயருக்குள் இருக்கும் முழு அழுத்தம் 49.7. லே நகரத்தின் உயரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். அங்கே வளிமண்டலம் 9.5 பவுண்டு அளவுக்குக் குறைந்துவிடும். பகலில் 20 டிகிரி இருந்தால் மீட்டர் சுமார் 38 காட்டும். 5,359 மீட்டர் உயரக் கார்துங் லா கணவாயில் வளிமண்டலம் 7.5 பவுண்டுதான், ஆனால் குளிர் மைனஸ் 5 டிகிரி என்றால் மீட்டர் மீண்டும் 36-க்கு வந்துவிடும். உயரம் ஏற்றுவதைக் குளிர் இறக்கிவிடுகிறது. ஆகவே கணவாய் தோறும் காற்றைத் திறந்துவிட வேண்டியதில்லை. காலையில் ஓட்டத் தொடங்கும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை அளந்தால் போதும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில உண்டு. ஆழமான கரிசலில் அகன்ற டயரா குறுகிய டயரா என்பதில் எங்கள் பட்டறைக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. மழையின் அளவும் அடிமண்ணின் ஆழமும் தினம் மாறுவதால் இரண்டு பக்கத்துக்கும் சான்று கிடைக்கிறது. நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் சற்று மெதுவாகக் குறையும் என்பது உண்மை. சேற்றிலோ பனியிலோ அதனால் பிடிப்புக் கூடும் என்பதற்கு நான் ஆதாரம் கண்டதில்லை. இத்தனை ஆயிரம் கி.மீ. ஓடும் என்று யாராவது எண்ணைச் சொன்னால், அவர் ஓட்டிய சாலை, ஏற்றிய பாரம், அடித்த காற்று மூன்றையும் கேட்டுவிட்டு நம்புங்கள்.

அளவைக் கூட்டும் ஆசையைப் பற்றியும் ஒரு சொல். 245/75 ஆர் 16 டயரின் விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ.; 265/75 ஆர் 16 போட்டால் 804. வேகமானி 80 காட்டும்போது வண்டி 83-இல் போகும், இழுவை குறையும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வளைவுத் தகட்டில் உரசலாம். தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்துக் காப்பீட்டின்போது இது முன்னே வந்து நிற்கும். வண்டியோடு வந்த அளவிலேயே நில்லுங்கள்.

டிப்பர், லாரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வரி: முன்னச்சில் ரிப் டயர் (நீளவாக்கில் கோடுகள் ஓடுவது), இழுக்கும் பின்னச்சில் லக் டயர் (குறுக்கே தடித்த பட்டன்கள் கொண்டது) என்ற பழைய வழக்கம் குவாரிப் பாதைக்கு இன்றும் சரியானதே. ஒரே அச்சில் பழைய வகை நைலான் டயரையும் ரேடியல் டயரையும் கலக்காதீர்கள். ரீட்ரெட் என் தொழில்தான். என்றாலும் முன்னச்சில் ரீட்ரெட் டயரை மாட்ட நான் சம்மதிப்பதில்லை.

ஆகவே சங்கரன்கோவில் நண்பருக்கு என் யோசனை: வண்டியின் மூல அளவிலேயே, எல்.டி. வகை ஏ.டி. டயர் ஐந்து, கூடுமானால் மலையும் பனித்துகளும் பொறித்தது. அதோடு ஒரு நல்ல காற்று மீட்டர், வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர், ஒரு ஜோடி சங்கிலி, மண்வெட்டி. எம்.டி. டயருக்கும் ஏ.டி. டயருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இவற்றில் பாதியையாவது வாங்கிவிடலாம். ஐந்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்டெப்னியையும் சேர்த்து 8,000 கி.மீ.க்கு ஒரு முறை ஐந்தையும் இடம் மாற்றிவந்தால் எல்லாம் ஒரே சீராகத் தேயும். நான்கு சக்கர இழுவையில் ஒரு டயர் மட்டும் புதிதாக, விட்டம் கூடி நின்றால் கியர்ப் பெட்டிக்குத்தான் வேதனை. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள். 3525 என்றால் 2025-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. அந்த நான்கு எண் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். மாட்டும்போது அது உள்பக்கமாகப் போய்விடலாம், எனவே ரிம்மில் ஏற்றும் முன்பே கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.